தட்டச்சுப் பொறியும் தமிழும்

ஒலிநாடாவுக்கும் பென்சிலுக்கும் என்ன தொடர்பு? இன்றைய மாணவர்களிடம் இப்படிக் கேட்டால் பலரும் திகைப்பார்கள். அவர்களுடைய பெற்றோரிடம் கேட்டால் உடனே புன்னகை தோன்றும். ஒலிநாடாப் பெட்டியிலிருந்து நாடா வெளியே வந்துவிட்டால், அதன் பல் சக்கரத் துளையில் பென்சிலை நுழைத்துச் சுற்றுவார்கள். நாடா மெல்ல மெல்ல உள்ளே போய்விடும். பாட்டும் பிழைத்துக்கொள்ளும்.

இப்படி ஒரு தலைமுறையின் கைகளுக்கு நன்கு பழகிய எத்தனையோ பொருள்கள் அடுத்த தலைமுறைக்குப் புதிர்களாகிவிட்டன. இடுப்பில் செருகிய பேஜர் ஒலித்ததும் பொதுத் தொலைபேசியைத் தேடி ஓடிய காலம் ஒன்று இருந்தது. பத்துக் காசு நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் நிற்பவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்த காலமும் இருந்தது. அந்தப் பொருள்களைப் பற்றிப் பேசும்போது பெரியவர்களின் குரலில் ஒரு கனிவு தோன்றுகிறது. அது ஏன்?

நோயாகக் கருதப்பட்ட உணர்வு

பழையதை எண்ணி ஏங்கும் உணர்வை நினைவேக்கம் என்பர். 'நனவிடை தோய்தல்' என்ற அழகிய தொடரும் தமிழில் வழங்குகிறது. இவ்வுணர்வைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை, 1688ஆம் ஆண்டு யோஹான்னஸ் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர் உருவாக்கினார். 'வீடு திரும்புதல்', 'வலி' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை அவர் இணைத்தார். ஊரைப் பிரிந்து தொலைவில் வாழ்ந்தவர்களுக்கு வந்த ஒரு நோயின் பெயராகவே அவர் அதைப் பயன்படுத்தினார். பிற்காலத்தில் அச்சொல்லின் பொருள் மாறியது. ஓர் இடத்திற்காக ஏங்குவதைக் குறித்த சொல், கடந்துபோன காலத்திற்காக ஏங்குவதைக் குறிக்கத் தொடங்கியது.

இடத்திற்கும் காலத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிரிந்து வந்த ஊருக்கு ஒருவர் திரும்பிச் செல்லலாம். கடந்த காலத்திற்கு யாராலும் திரும்ப முடியாது. அதனால்தான் அக்காலத்தின் சிறு பொருள் ஒன்று கையில் கிடைத்தாலும் மனம் அதைப் பற்றிக்கொள்கிறது. அத்தகைய பொருள்களுள் ஒன்று தட்டச்சுப் பொறி. அதற்குத் தமிழோடும் சிங்கப்பூரோடும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு பொறி, ஒரு தலைமுறை

தட்டச்சுப் பொறிக்கு மின்சாரம் தேவையில்லை. விரலால் ஒரு விசையை அழுத்தினால், அதனோடு இணைந்த உலோகக் கம்பி ஒன்று மேலெழும். அக்கம்பியின் நுனியில் எழுத்து புடைப்பாக இருக்கும். அது மை தோய்ந்த நாடாவின்மீது மோத, நாடாவுக்குப் பின்னால் உள்ள தாளில் எழுத்துப் பதியும். உடனே தாளைத் தாங்கிய உருளை ஓர் எழுத்தளவு இடப்பக்கம் நகரும். வரி முடியப் போகிறது என்பதை அறிவிக்க ஒரு சிறு மணி ஒலிக்கும். தட்டச்சர் நெம்புகோலைத் தள்ளி அடுத்த வரிக்குச் செல்வார். 'டக் டக்' என்ற ஓசையும் இடையிடையே ஒலிக்கும் மணியும் அக்கால அலுவலகங்களின் அடையாளம்.

அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 1874ஆம் ஆண்டில் தட்டச்சுப் பொறிகளை விற்கத் தொடங்கியது. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் அலுவலக வேலைகள் அப்பொறியை நம்பியே நடந்தன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிப் படிப்பை முடித்த இளையர் பலர் தட்டச்சு வகுப்பிலும் சுருக்கெழுத்து வகுப்பிலும் சேர்ந்தனர். விசைப்பலகையைப் பார்க்காமல் பத்து விரல்களாலும் தட்டப் பழகினர். ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்கள் தட்ட முடியும் என்பதே அவர்களுடைய தகுதியாகக் கருதப்பட்டது. குறிப்பாக, பெண்கள் பலருக்குச் சொந்தமாகச் சம்பாதிக்கும் வாய்ப்பை இப்பொறி திறந்துவிட்டது.

எழுதத் தெரியாதவர்களுக்கும் இப்பொறி உதவியது. அரசாங்க அலுவலகங்களுக்கு அருகில், ஐந்தடி நடைபாதைகளில் சிறு மேசை போட்டு மனு எழுதித் தருவோர் அமர்ந்திருப்பார்கள். தங்கள் குறையை வாய்மொழியாகச் சொல்பவர்களுக்கு அவர்கள் அதை முறையான கடிதமாகத் தட்டச்சு செய்து கொடுப்பார்கள். சாதாரண மனிதர் ஒருவரின் குரல் அதிகாரியின் மேசையை எட்ட அந்தப் பொறியே பாலமாக இருந்தது.

247 எழுத்துகளும் ஒரு விசைப்பலகையும்

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் உள்ளன. பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டையும் சேர்த்தாலும் 52 வடிவங்களே. அவற்றை ஒரு விசைப்பலகையில் அமைப்பது எளிது. தமிழின் நிலை வேறு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247 எழுத்துகள். தட்டச்சுப் பொறியிலோ நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளே உண்டு. ஒரு விசைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வடிவங்களை வைத்தாலும் நூறு வடிவங்களைக்கூட எட்ட முடியாது. அதற்குள் எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் இடம் வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்டவர் ஆர். முத்தையா. அவர் 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1907ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்தவர். பின்னர்ச் சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் பணியாற்றியவர். அலுவலகங்களில் ஆங்கிலக் கடிதங்கள் பொறியில் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், தமிழுக்கும் அத்தகைய பொறி வேண்டும் என்று அவர் முயன்றார். அவர் வகுத்த அமைப்பின்படி, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த சைடல் அண்டு நௌமன் நிறுவனம் தமிழ்த் தட்டச்சுப் பொறியைத் தயாரித்தது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய பொறிகளும் பின்னர் வந்தன.

247 எழுத்துகளும் அந்தச் சிறு பலகைக்குள் எப்படி அடங்கின? தமிழ் எழுத்துகளின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் விடை கிடைக்கும். ஒவ்வோர் எழுத்தும் முற்றிலும் புதிய வடிவம் அன்று. 'கா', 'சா', 'தா' ஆகியவற்றில் வரும் துணைக்கால் ஒன்றே. 'கெ', 'செ', 'தெ' ஆகியவற்றில் வரும் ஒற்றைக்கொம்பும் ஒன்றே. எனவே, துணைக்காலுக்கு ஒரு விசையும் ஒற்றைக்கொம்புக்கு ஒரு விசையும் போதும். கொம்பு, 'க', கால் என்ற மூன்றையும் வரிசையாகத் தட்டினால் 'கொ' பிறக்கும். கொம்பு, 'க', 'ள' என்று தட்டினால் 'கௌ' கிடைக்கும். ஆனால், 'கு', 'டு', 'மு', 'ரு' போன்ற எழுத்துகள் வெவ்வேறு விதமாக வளைபவை. அவற்றைப் பொதுவான ஒரு குறியால் உருவாக்க முடியாது. பலவற்றுக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டியிருந்தது.

புள்ளி வைப்பது இன்னொரு சிக்கல். எழுத்தைத் தட்டியதும் உருளை நகர்ந்துவிடுமே, பிறகு அதன் தலையில் புள்ளி எப்படி வைப்பது? இதற்கு உதவியது நகரா விசை. அந்த விசையை அழுத்தினால் குறி தாளில் பதியும். ஆனால் உருளை நகராது. தட்டச்சர் முதலில் புள்ளியைத் தட்டுவார். பிறகு அதே இடத்தில் 'க' என்ற எழுத்தைத் தட்டுவார். 'க்' உருவாகிவிடும். கையால் எழுதும்போது எழுத்துக்குப் பின் புள்ளி. பொறியில் புள்ளிக்குப் பின் எழுத்து! குறிகளை உடைய பிற மொழிகளின் பொறிகளிலும் இத்தகைய விசைகள் உண்டு. பிரெஞ்சு மொழிப் பொறி அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

தமிழ்ப் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் இப்பொறி பேருதவியாக இருந்தது. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில், மை நாடா இல்லாமல் தட்டினால் எழுத்து வடிவில் தாள் வெட்டுப்படும். அதைச் சைக்ளோஸ்டைல் பொறியில் பொருத்திப் பல படிகளை எடுக்கலாம். தேர்வுத்தாள், கூட்ட அறிக்கை, விழா அழைப்பு ஆகியவற்றைப் பெரிய அச்சகத்தின் உதவியின்றிக் குறைந்த செலவில் உருவாக்க இம்முறை வழிசெய்தது.

பொறி நின்றது, எச்சங்கள் நின்றன

தனியாள் கணினிகள் 1980களில் பரவத் தொடங்கியதும் தட்டச்சுப் பொறியின் தேவை குறைந்தது. இந்தியாவில் 1950களிலிருந்து இப்பொறியைத் தயாரித்துவந்த கோத்ரெஜ் நிறுவனமும் 2009ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஆனால், ஒரு பொருள் மறைந்தாலும் அதன் சுவடுகள் முழுமையாக மறைவதில்லை.

கணினி விசைப்பலகையில் உள்ள 'ஷிஃப்ட்' விசையைக் கவனியுங்கள். அச்சொல்லுக்கு 'இடம் மாற்று' என்று பொருள். தட்டச்சுப் பொறியில் அவ்விசையை அழுத்தினால் உள்ளிருக்கும் பாகம் உண்மையாகவே இடம் மாறும். அதனால்தான் பெரிய எழுத்துப் பதியும். கணினியில் எதுவும் இடம் மாறுவதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மின்னஞ்சலில் நகல் அனுப்பும் இடத்தில் 'சிசி' என்று இருக்கிறதே, அது 'கார்பன் காப்பி' என்பதன் சுருக்கம். இரண்டு தாள்களுக்கு நடுவே கரிய நிறக் கார்பன் தாளை வைத்து நகல் எடுத்த பழக்கத்தின் எச்சம் அது. ஆங்கில எழுத்துகளின் வரிசையும் பெரும்பாலும் பழைய பொறியின் வரிசைதான்.

தமிழ் விசைப்பலகையின் பயணமும் தொடர்ந்தது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியில் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 1990களில் இணையத்தில் தமிழை ஏற்றும் முயற்சியில் முன்னின்றார். தமிழ் இணைய மாநாடு 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்றது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற மாநாட்டையொட்டித் 'தமிழ் 99' விசைப்பலகை உருவானது. கைத்தொலைபேசியில் தமிழில் எழுத உதவும் 'செல்லினம்' 2005ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அறிமுகம் கண்டது. ஒவ்வொரு புதிய கருவி வரும்போதும், அதில் தமிழுக்கு இடம் தானாகக் கிடைத்துவிடவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து அந்த இடத்தை உருவாக்க வேண்டியிருந்தது.

ஏக்கம் மறைத்துவிடும் உண்மைகள்

பழையதை எண்ணி மகிழ்வதில் தவறில்லை. ஆயினும், நினைவு என்பது ஒரு சல்லடை போன்றது. இனிமையானதைத் தேக்கிவைக்கும்; கசப்பானதை நழுவவிடும். தட்டச்சுப் பொறியின் ஓசையை இனிமையாக நினைவுகூரலாம். ஆனால், பத்துப் பொறிகள் ஒரே அறையில் நாள் முழுவதும் ஒலித்தபோது அது இரைச்சலே. நான்கு படிகள் தேவையென்றால் நான்கு தாள்களுக்கிடையே கார்பன் தாள்களை வைத்து, விசைகளை ஓங்கித் தட்ட வேண்டும். விரல்கள் வலிக்கும். ஓர் எழுத்து பிழையானால், அசல் தாளில் மட்டுமன்றி ஒவ்வொரு நகலிலும் அதை அழித்துத் திருத்த வேண்டும். பிழை பெரிதாக இருந்தால் பக்கத்தை மீண்டும் முதலிலிருந்தே தட்ட வேண்டும். எழுத்தைத் திருத்தும் வெள்ளை மையைக் கண்டுபிடித்த பெட் நெஸ்மித் கிரஹாம் ஓர் அமெரிக்கச் செயலாளர். தட்டச்சு வேலையில் பட்ட துன்பமே அவரை அம்முயற்சிக்குத் தூண்டியது.

இன்று கைத்தொலைபேசியில் தமிழில் எழுதும் ஒரு மாணவர், புள்ளியை முன்னால் தட்டுவதா பின்னால் தட்டுவதா என்று யோசிப்பதில்லை. பிழையை நொடியில் திருத்துகிறார். வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு அக்கணமே அனுப்புகிறார். இந்த வசதிகளைக் குறைத்து மதிப்பிட்டுப் 'பழையதே பொன்' என்று கூறுவது பொருந்தாது.

அதே வேளையில், வசதி பெருகும்போது சில பழக்கங்கள் நம்மை அறியாமல் கைவிட்டுப் போகின்றன. பிழையைத் திருத்துவது கடினமாக இருந்ததால், தட்டச்சர் ஒரு வாக்கியத்தை மனத்தில் முடித்த பின்னரே விசையில் விரலை வைத்தார். எழுத்துக்கூட்டலில் ஐயம் ஏற்பட்டால் அகராதியைப் புரட்டினார். இன்று எழுதிய பிறகு சிந்திக்க முடிகிறது. அனுப்பிய பிறகு வருந்தவும் நேர்கிறது. பழைய பொறியிலிருந்து நாம் கற்கத்தக்கது எழுதுமுன் சிந்திக்கும் அந்தக் கவனமே. அதற்கு மை நாடாவும் உருளையும் தேவையில்லை.

எதை, எப்படிக் காப்பது?

பழைய பொருள்களைப் பற்றிய கேள்வி வெறும் ஏக்கம் சார்ந்தது மட்டுமன்று. 1950ஆம் ஆண்டில் தமிழில் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு கடிதம் இன்று ஒருவருக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாள் மஞ்சளாகியிருக்கலாம். 'லை', 'னை', 'றா' போன்ற எழுத்துகள் சீர்திருத்தத்திற்கு முந்திய வடிவில் இருக்கலாம். ஏனெனில், தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டில்தான் இத்தகைய 13 எழுத்துகளின் வடிவம் அதிகாரபூர்வமாக மாற்றப்பட்டது. பின்னர்ச் சிங்கப்பூரும் மலேசியாவும் அம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டன. அப்படியிருந்தும் சற்று முயன்றால் அக்கடிதத்தைப் படித்துவிடலாம்.

இப்போது 1995ஆம் ஆண்டில் ஒரு நெகிழ்வட்டில் சேமிக்கப்பட்ட தமிழ்க் கட்டுரையை எண்ணிப் பாருங்கள். முதலில், அவ்வட்டைப் படிக்கும் கருவி இன்றைய கணினிகளில் இல்லை. அக்கருவியைத் தேடிப் பிடித்துக் கோப்பைத் திறந்தாலும், திரையில் பொருளற்ற குறிகளே தோன்றக்கூடும். காரணம், அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கென வெவ்வேறு குறியீட்டு முறைகளைப் பின்பற்றின. ஓர் எழுத்துருவில் எழுதியதை இன்னோர் எழுத்துருவால் காட்ட முடியவில்லை. உலகின் எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவலான பின்னரே இச்சிக்கல் தீர்ந்தது. அதற்கு முன் எழுதப்பட்டவற்றை யாரேனும் முயன்று மாற்றியிருந்தால்தான் உண்டு. ஆக, எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாள் இன்றும் பேசுகிறது. அதைவிட மிகவும் இளைய கோப்பு ஊமையாகிவிடுகிறது!

இதனால்தான் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பழையவற்றைப் புதிய வடிவத்திற்கு மாற்றும் பணியை மேற்கொள்கின்றன. சிங்கப்பூரின் ஐம்பதாவது பிறந்தநாளையொட்டி, நாட்டின் ஐம்பது ஆண்டுத் தமிழிலக்கிய நூல்கள் 2015ஆம் ஆண்டில் மின்வடிவம் பெற்றன. சமூகத்தினர் பலர் தேசிய நூலக வாரியத்துடன் கைகோத்ததால் அது நிறைவேறியது. அத்தகைய பணியை ஒவ்வொரு குடும்பமும் சிறிய அளவில் செய்யலாம். வீட்டில் இருக்கும் பழைய கடிதங்களைப் படம் எடுத்துச் சேமிக்கலாம். ஒலிநாடாவில் பதிவான தாத்தா, பாட்டியின் குரலை, நாடா பழுதடையும்முன் மின்வடிவத்திற்கு மாற்றலாம். ஒரு பழைய பொருளை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவைக்கலாம். பொருள் இருந்தும் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் இல்லையென்றால், அது வெறும் இரும்புதான்.

எல்லாப் பழைய பொருள்களையும் காப்பாற்ற வீட்டில் இடமில்லை, தேவையும் இல்லை. ஒரு பொருளை வீசுவதற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இதில் வேறெங்கும் இல்லாத செய்தி ஏதேனும் பதிந்திருக்கிறதா? இதைப் பயன்படுத்தியவர் யார், இதனால் அவர் வாழ்க்கை எப்படி மாறியது? இதைச் செய்தவர் எந்தச் சிக்கலைத் தீர்த்தார்? இக்கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்ட பிறகு, பொருளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அமைதியாக முடிவு செய்யலாம்.

இன்றைய மாணவர்களின் கையில் இருக்கும் திறன்பேசியும் ஒருநாள் கண்காட்சிப் பொருளாகும். அதற்குப் பதிலாக வரப்போகும் கருவி எது என்று இப்போது கூற இயலாது. அது எதுவாக இருந்தாலும், அதிலும் தமிழ் தடையின்றி ஒலிக்கவும் எழுதப்படவும் வேண்டும். அதற்கான அடுத்த 'நகரா விசை'யை யோசித்துக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருப்பவர்களுடையது.

சொற்பொருள்

நினைவேக்கம் – கடந்த காலத்தை எண்ணி ஏங்குதல்
புடைப்பு – மேலெழுந்து நிற்கும் வடிவம்
நெம்புகோல் – பொருளைத் தள்ளவோ தூக்கவோ உதவும் கோல்
எச்சம் – எஞ்சி நிற்பது
சல்லடை – மாவு முதலியவற்றைச் சலிக்க உதவும் கருவி
நெகிழ்வட்டு – கணினிக் கோப்புகளைச் சேமிக்கப் பயன்பட்ட பழைய தட்டு
எழுத்துரு – கணினியில் எழுத்துகளின் வடிவத் தொகுப்பு

சிந்தித்து விடையளி

1. தமிழ் எழுத்துகளைத் தட்டச்சுப் பொறியில் அமைப்பது ஏன் கடினமாக இருந்தது?
2. நகரா விசை எவ்வாறு பயன்பட்டது? உன் சொந்த நடையில் விளக்குக.
3. 'நினைவு என்பது ஒரு சல்லடை போன்றது' என்ற கருத்தைப் பனுவலில் உள்ள சான்றுகளுடன் விளக்குக.
4. பழைய தாள் இன்றும் பேசுகிறது. இளைய கோப்பு ஊமையாகிவிடுகிறது. இதற்குரிய காரணங்கள் யாவை?
5. உன் வீட்டில் உள்ள ஒரு பழைய பொருளைத் தெரிவுசெய்து, பனுவலின் இறுதியில் உள்ள மூன்று கேள்விகளையும் மூத்தவர் ஒருவரிடம் கேள். அவர் தந்த விடைகளை ஒரு பத்தியில் எழுதுக.